அரிசியில் நூறு, சோற்றில் நூறு

“எங்கம்மாவுக்கு எடை போட்டா சோறு போடறே?”

தீபிகா கையிலிருந்த பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ரெண்டு மாதமாக வீட்டிலிருக்கும் அம்மாவைப் பார்க்க, சேலத்திலிருந்து ராசிபுரத்துக்கு அப்போதுதான் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தது. அப்புறம் இப்போதுதான் வர முடிந்தது.

சமையல் மேடைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு தராசு. அதன் முன்னால் தம்பி யோகேஷின் மனைவி ஷாலினி.

“வாங்க அண்ணி. ஆமாங்க, அத்தைக்குத்தான். ஒரு வேளைக்கு நூறு கிராம். எனக்கும் நூறுதானுங்க.”

ஃபிரிட்ஜ் கதவில் தாளே ஒட்டியிருந்தது. ‘அத்தை 100. ஷாலினி 100.’

தீபிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் இளைக்கிறதுக்காக போனில் கலோரி எழுதிக்கொள்ளட்டும். யார் வேண்டாம் என்றது? ஆபரேஷன் பண்ணின உடம்புக்கும் அதே அளவா?

நேரே உள்ளே போய், அம்மாவின் சேலைகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

“என்ன சாமி பண்றே?” என்றார் அம்மா கமலவேணி.

“நீ எங்கூடச் சேலத்துக்கு வா. வயிறு நிறைய நான் போடறேன்.”

“மொதல்ல சாப்படலாம் வா.”

சாப்பிட உட்கார்ந்ததும் தீபிகாவுக்குக் குழப்பமாகிவிட்டது.

அம்மா தட்டில் சோறு குவிந்திருந்தது. ஷாலினி தட்டில் ஒரு கரண்டிச் சோறு. மீதியெல்லாம் பீன்ஸ் பொரியலும் ரெண்டு முட்டையும். ரெண்டும் நூறா? எப்படி?

சாப்பிட்டுக் கை கழுவினதும், ஷாலினியைச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

“உன் தராசு சரியாத்தான் இருக்கா?”

ஷாலினி லேசாகச் சிரித்தாள். “தராசு சரிதானுங்க அண்ணி. அரிசியா நூறு கிராம் போட்டா, வெந்து தண்ணி குடிச்சு முந்நூறு கிட்ட வந்துரும். அத்தைக்கு அரிசியா எடை போட்டுத் தனிக் கிண்ணத்துல வேக வைப்பேன். எனக்கு வெந்த சோத்தை எடை போடுவேன்.”

“அதை ஏன் ரெண்டும் நூறுன்னு எழுதி ஒட்டி வச்சிருக்கே?”

“அத்தைக்கு எடை கூடோணும்னு டாக்டர் சொன்னாருங்க. அத்தை என்னடான்னா, ‘ஷாலினி எவ்வளவு திங்கறாளோ அவ்வளவுதான் நானும் திம்பேன்’னு ஒரே பிடிவாதம். அதுக்கோசரந்தான் இந்த வேலை. ரெண்டு கிலோ ஏறிட்டாங்க. தயவுபண்ணி அவங்ககிட்டச் சொல்லிப்போடாதீங்க.”

தீபிகா ஷாலினியின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தாள். அடுக்கின சேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப பீரோவில் வைத்தாள்.

அப்புறம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏம்மா, உனக்கே இது நல்லாருக்கா? டாக்டர் சாப்பிடச் சொன்னா, சின்னப்புள்ளையாட்டம் மருமவகூடப் போட்டி போட்டுக்கிட்டு?”

கமலவேணி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“போட்டியும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் ஆஸ்பத்திரியில இருந்து ஊட்டுக்கு வந்து பார்த்தா, இவ சோத்தையே உட்டுட்டா. நாளெல்லாம் தண்ணியும் டீயும்தான். ஒரு நாள் வேலைக்குப் போறப்ப, புதுச்சத்திரத்துக்கிட்ட பஸ்ஸுலயே மயங்கி உழுந்துட்டா. யோகேஷ் சொல்லிப் பார்த்தான், நானும் கெஞ்சிப் பார்த்தேன். கேக்கவே இல்லை. அப்புறந்தான், ‘நீ திங்கற அளவுதான் நானும் திம்பேன், நீ பட்டினின்னா நானும் பட்டினி’ன்னு உட்கார்ந்துட்டேன். எனக்காகத்தான் அந்தத் தராசையே வாங்கிட்டு வந்தா. இப்ப மூணு வேளையும் தட்டுல கை வைக்கறா.”

“அப்ப அவ உனக்கு அரிசியா எடை போடறது…”

“தட்டைப் பார்த்தாத் தெரியாதா சாமி? தெரியாத மாதிரியே தின்னுக்கிட்டு இருக்கேன்.”

“நல்லா இருந்த பொண்ணு, எதுக்கும்மா திடீர்னு சோத்தை உட்டா?”

கமலவேணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம், நம்ம சொந்தத்துல அருணகிரி மவ கல்யாணத்துல, அத்தனை பேரு முன்னாடி, ‘இவ ஒருத்தி நின்னாப் போதும், போட்டோவுல மத்தவங்களுக்கு இடமே இல்லை’ன்னு சொல்லிச் சிரிச்சியே கண்ணு… அன்னியில இருந்துதான்.”