கழுதை முதுகில் இரண்டு குறிகள்

சந்தை வாசலில் இருந்த புங்கமர நிழலில், தினமும் வண்டி இழுத்து வரும் மாடுகள் மட்டுமே நிற்கலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. ஒருநாள் உச்சி வெயிலில் அங்கே ஒரு கழுதை நின்றிருந்தது. காவல் நாய் ஓடிவந்து அதன் முதுகில் சேற்றுக் காலால் குறி வைத்துவிட்டது. குறி விழுந்தவர்களுக்கு அடுத்த சந்தை வரை தொட்டித் தண்ணீர் கிடையாது.

கழுதை எருமைத் தலைவரிடம் போய் முறையிட்டது. மாடுகளெல்லாம் சுற்றிக் கூடின.

“நீ அங்கே நின்றாயா, இல்லையா?” என்று எருமை கேட்டது.

“நின்றேன் ஐயா. ஆனால் நிழலுக்காக நிற்கவில்லை.”

“பின்னே எதற்கு?”

கழுதை வாயைத் திறந்தது. அப்போது கூட்டத்தில் மயிலைக்காளை தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தது. அன்று அந்தக் காளைதான் மரத்தடியில் மயங்கி விழுந்து கிடந்தது. அதன்மேல் வண்டி ஏறிவிடாமல் கழுதை குறுக்கே நின்றது. நாய் வருவதற்குள் காளை எழுந்து போய்விட்டது. அது விழுந்த சேதி வெளியே தெரிந்தால், நாளைக்கே அடிமாட்டுக்கு விற்றுவிடுவார்கள்.

“சொல்லேன்” என்றது எருமை.

“வெயில் தாங்கவில்லை ஐயா. நிழலுக்குத்தான் நின்றேன்.”

“இப்போதுதானே இல்லை என்றாய்?” என்று நாய் உறுமியது.

“பொய் சொன்னேன்.”

பொய்க்காக இன்னொரு குறியும் விழுந்தது. கழுதை வெயிலில் இறங்கி நடந்தது.

மயிலைக்காளை தொட்டிக்குப் போய்த் தண்ணீரில் வாயை வைத்தது. ஒரு மடக்குகூட உள்ளே இறங்கவில்லை.