கார் போற வரைக்கும்

"ஏம்மா, கண்ணு தெரியலையா? கயிறு கட்டியிருக்குல்ல!"

கயிற்றுக்கு அடியில் குனிந்து ரோட்டுக்குள் நுழைந்தவளை, ஏட்டு காசிமாயன் லத்தியைக் குறுக்கே நீட்டி மறித்தார். இளம் வயசுப் பெண். தோளில் கைக்குழந்தை. வெயிலுக்காகத் துண்டு போட்டுப் போர்த்தியிருந்தாள்.

"ஐயா, புள்ளையத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போவணும்யா..."

"போவ, போவ! அந்தப் பக்கம் நின்னாத்தான் பிரதமர் முகம் தெரியும்னு எவனோ கிளப்பி விட்டுட்டான். காலையிலேருந்து பாதி வாடிப்பட்டி இதையேதான் கேக்குது."

கூட்டம் சிரித்தது.

"புள்ளைக்குப் பிரதமர் பேரு வைக்கணுமாக்கும்!" என்றான் சட்டையில் கட்சி பேட்ஜ் குத்தியிருந்த விருமாண்டி. "இந்த வேகாத வெயில்ல பச்சப்புள்ள என்னத்துக்கு ஆகும்னு கவலை இருக்கா பாருங்கண்ணே. பெத்தவளா இவ?"

பேர் வைக்கிறதைப் பற்றி அவன் சொன்னதிலும் பொய்யில்லை. தலைவர் வந்து பேர் வைக்கட்டும் என்று, பிள்ளையை 'டேய்', 'தம்பி' என்றே கூப்பிட்டு வளர்ப்பவர்கள் அந்த வட்டாரத்தில் உண்டு. விருமாண்டியின் தங்கை மகனே நடக்கத் தொடங்கிய பிறகுதான் பேர் வாங்கினான்.

"இல்லய்யா..." என்று அவள் மறுபடி ஆரம்பிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் ஜீப் வந்துவிட்டது. காசிமாயன் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

"ஈ, காக்கா குறுக்க வரக்கூடாது. வந்துச்சு, உன் பெல்ட்டைக் கழட்டிருவேன்."

ஜீப் போனது. அந்த இடைவெளியில் அவள் ரோட்டுக்குள் ஓடப் பார்த்தாள். காசிமாயன் பாய்ந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"என்னைய அடிக்க வச்சிராதம்மா! மேல பாரு. டெல்லிக்காரங்க நிக்கிறாங்க. சுட்டுட்டுத்தான் யாருன்னு கேப்பாங்க."

மொட்டை மாடியில் துப்பாக்கியோடு நின்றவர்களைப் பார்த்ததும் அவள் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

காசிமாயனுக்குப் பாவமாகப் போய்விட்டது. பேர் வைக்கிற ஆசை அவருக்குத் தெரியாததா? முன்னொரு காலத்தில் இதே திண்டுக்கல் ரோட்டில் அன்றைய பிரதமர் திறந்த ஜீப்பில் வந்தபோது, பந்தோபஸ்துக்கு நின்ற இவரே பெண்டாட்டி கையிலிருந்த மகளை வாங்கி நீட்டினார். ஜீப் நின்றது, மகளுக்குப் பேர் கிடைத்தது. அந்தக் கதையைக் கேட்காத ஆள் ஸ்டேஷனில் கிடையாது.

டெல்லியில் பிரதமரையே சுட்டுக் கொன்றதோடு எல்லாம் மாறிவிட்டது. பிரதமர் என்றால் இப்போது மோப்ப நாய், எந்திரத் துப்பாக்கி, குண்டு துளைக்காத கார். ஓட்டுப் போட்ட சனம் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

கூட்டத்தை விலக்கி, அவளை முதல் வரிசையில் கயிற்றை ஒட்டி நிறுத்தினார்.

"இங்கேயே நில்லு தாயி. கார் மெதுவாப் போச்சுன்னா நானே கையக் காட்டி நிறுத்தச் சொல்லிப் பாக்குறேன். வேலை போனாலும் போவட்டும்."

உண்மையாகத்தான் சொன்னார்.

"அடிச்ச யோகத்தைப் பாரு!" என்று விருமாண்டி வயிறெரிந்தான்.

அவள் குழந்தையின் காதோரம் குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். கன்னத்தைத் தட்டினாள்.

"இம்புட்டு மைக் சத்தத்துலயும் தூங்குறான் பாரு, சமத்துப் புள்ள. எழுப்பாதம்மா, கார் வரும்போது எழுப்பிக்கலாம்" என்றார் காசிமாயன்.

அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்கு விளங்கவில்லை.

கார் வர வெகுநேரம் ஆனது. வந்ததும் கண்மூடித் திறப்பதற்குள் போயும் விட்டது. ஒரே மாதிரி வெள்ளைக் கார்கள், எல்லாவற்றிலும் கறுப்புக் கண்ணாடி. எதில் பிரதமர் இருந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று விருமாண்டி எல்லாக் காருக்கும் கும்பிடு போட்டான். காசிமாயனின் கை சல்யூட்டுக்குத்தான் உயர்ந்தது.

கயிற்றை அவிழ்த்தார்கள். சனம் திமுதிமுவென்று ரோட்டைக் கடந்தது. அவள் மட்டும் கடக்கவில்லை. நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

காசிமாயனுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"அழுகாத தாயி. பிரதமர் எறங்கி வந்து பேரு வைக்கிறதெல்லாம் அந்தக் காலத்தோட போச்சு. நம்மளே நல்ல பேரா வச்சுக்குவோம். புள்ளையக் குடு இப்பிடி."

அவள் கொடுக்கவில்லை.

"பேரெல்லாம் பொறந்தப்பவே வச்சாச்சுய்யா. சோணைமுத்து." ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கைகாட்டினாள். "காய்ச்சல்ல ஜன்னி கண்டுருச்சு. அந்தா, அந்த டாக்டரு வீட்டுக்குத்தான்யா வழி கேட்டேன்."

துண்டை விலக்கி, மகனின் காதில் மறுபடியும் வாயை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் பேரைச் சொல்லித்தான் இம்புட்டு நேரமாக் கூப்புடுறேன். எந்திரிக்க மாட்டேங்குறான்யா."