ஊதிக்கொண்டே இருமியவர்

"சத்தம் நல்லாத்தானே கேக்குது? டிஸ்ப்ளே எதுக்கு சார் உங்களுக்கு?"

மெக்கானிக்கின் கேள்வியில் கிளாரினெட்காரருக்கு வியர்த்தது. மேஜை மேல் அவருடைய பழைய நாலு டிராக் ரெக்கார்டர் மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது. ஒரே கேசட்டில் நாலு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிந்து, ஒன்றாக ஒலிக்கவிடும் பெட்டி. நாடா எந்த இடத்தில் ஓடுகிறது என்று எண்ணில் காட்டும் டிஸ்ப்ளே மட்டும் திடீரென்று கண்ணை மூடிவிட்டது.

"நம்பர் தெரியணும். அதுவும் சனிக்கிழமைக்குள்ள."

"சனிக்கிழமை கச்சேரியா?"

"இல்ல, இல்ல. சாயங்காலம் வீட்டிலதான் இருப்பேன். வீட்டிலேயேதான்!"

உண்மையைச் சொல்ல முடியுமா? சனிக்கிழமை சாயங்காலம் அவர் மச்சான் வீட்டு லாக்கரைக் காலி செய்யப் போகிறார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அடுத்த தெருதான். "எங்க மாப்பிள்ளைக்கு ஊத வரும், ஊதியம்தான் வராது" என்று நாலு பேர் எதிரில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற ஆள். சனிக்கிழமை அந்தக் குடும்பம் சுற்றுலா கிளம்புகிறது. கிளாரினெட்காரரின் மனைவியும் கூடப் போகிறாள். லாக்கர் சாவி எந்தப் பழைய ஷூவுக்குள் இருக்கிறது என்பது வரை மாப்பிள்ளைக்கு அத்துப்படி. பிறகு போலீஸ் வந்து, 'அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்டால்?

அதற்குத்தான் இந்தப் பெட்டி. தினமும் சாயங்காலம் அவர் ஊதுவதும், அக்கம்பக்கத்தார் ஜன்னலை அறைந்து சாத்துவதும் வழக்கம். முதல் டிராக்கில் கிளாரினெட். இரண்டாவதில் இருமல். மூன்றாவதில் நாற்காலி இழுக்கிற சத்தம். ஊதி நிறுத்துகிற இடத்தில் சரியாக இருமல் விழ வேண்டும். அந்த இடத்தைக் காட்டுவது எண்தான். டிஸ்ப்ளே செத்த பிறகு குத்துமதிப்பாகப் பதிந்ததில், இருமல் நேரே போய்ப் பாட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. ஊதிக்கொண்டே இருமுகிற மனிதனை எந்த இன்ஸ்பெக்டர் நம்புவார்?

"டிஸ்ப்ளேக்குக் கரண்ட் போற வழியில ஒரு குட்டிக் கண்டென்சர் கசிஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்று மெக்கானிக் அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைப் பற்றவைத்தார். பச்சை எண்கள் பளிச்சென்று எரிந்தன. கிளாரினெட்காரர் தடுப்பதற்குள் மெக்கானிக்கின் விரல் பட்டனை அழுத்திவிட்டது.

கிளாரினெட் குழைந்தது. குழைவின் நடுவே, "லொக், லொக்!"

மெக்கானிக் நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார்.

"எப்படி சார் ஊதிக்கிட்டே இருமறீங்க?"

"அது... பயிற்சி."

"பெரிய வித்தை சார்! அட, நாற்காலிகூட வாசிக்குதே!"

"புது மாதிரி இசை" என்று சொல்லி கேசட்டைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார் கிளாரினெட்காரர். இந்த ஓட்டைவாய் ஊரெல்லாம் சொல்லித் தொலைக்குமோ?

"ரெண்டு நாள் ஓடவிட்டுப் பாத்துட்டு நானே வீட்டுக்குக் கொண்டாந்து தரேன்" என்றார் மெக்கானிக்.

சொன்னபடியே வந்தார். பெட்டியை மேஜையில் வைத்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, "பின்வாசல் கதவு இப்படிக் கத்துதே சார்" என்று கீல்களில் எண்ணெய்கூட விட்டார். கிளாரினெட்காரருக்கு வாயெல்லாம் பல். சனிக்கிழமை அவர் பூனை போல வெளியேற வேண்டிய கதவு அதுதான்.

"கூலி எவ்வளவுப்பா?"

"இப்ப என்ன அவசரம்? நானே ஒரு நாள் வந்து வாங்கிக்கிறேன் சார்."

சனிக்கிழமை மனைவி கிளம்பும்போது, "பீரோவைப் பூட்டியிருக்கேன், அந்தப் பக்கம் போகாதீங்க. வீட்டை விட்டும் நகராதீங்க" என்றாள்.

"நான் எங்கடி போகப்போறேன்?"

சாயங்காலம் பட்டனை அழுத்தினார். கிளாரினெட் எழுந்தது, எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. பின்கதவை ஒருக்களித்துவிட்டு நழுவினார். மச்சான் வீட்டில் ஷூ இருந்தது, ஷூவுக்குள் சாவி இருந்தது. லாக்கரில் ஒரு ரப்பர் பேண்ட் மட்டும் இருந்தது.

தொங்கிய முகத்தோடு திரும்பியபோது அவருடைய கடைசி இருமல், ஊதி நிறுத்திய இடத்தில் கச்சிதமாக விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் சுற்றுலா முடிந்து வந்த மனைவி பீரோவைத் திறந்தாள். அடுத்த நொடி அவள் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

"ஐயோ! அண்ணன் நகையெல்லாம் இங்கதானே வச்சிருந்தேன்! 'என் வீடு பூட்டிக் கிடக்கும், மாப்பிள்ளைதான் வீட்டை விட்டு அசைய மாட்டாரே'ன்னு நம்பிக் கொடுத்தாரே!"

இன்ஸ்பெக்டர் அக்கம்பக்கத்தில் விசாரித்தார்.

"நேத்து சாயங்காலமா? ஒரு நிமிஷம்கூட வெளியே போகல சார். நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் மாடிவீட்டு அம்மாள்.

"நடுநடுவில இருமினார். அப்பத்தான் காதுக்குக் கொஞ்சம் நிம்மதி" என்றார் எதிர்வீட்டு வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் கிளாரினெட்காரரின் தோளில் கை போட்டார். "பூட்டு உடையல. வேற யாராவது வந்திருந்தா உங்களுக்குத் தெரியாம இருக்காது. நீங்க வீட்டை விட்டு நகரவே இல்லைன்னு தெருவே சாட்சி சொல்லுது. நகையை எங்க சார் வச்சிருக்கீங்க?"

'நான் வீட்டிலேயே இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தார். 'அப்படியானால் எங்கே இருந்தீர்கள்?' என்பதுதானே அடுத்த கேள்வி? திறந்த வாயை மூடிக்கொண்டார்.

முன்வாசலில் கூட்டம் நெரிந்ததால் அவரைப் பின்வாசல் வழியாக அழைத்துப்போனார்கள். கதவு முனகல்கூட இல்லாமல் வழுக்கித் திறந்தது.

மெக்கானிக் ஏற்கெனவே வந்து கூலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.