மூன்றாம் வரியில் ஏக்கழுத்தம்

“அதென்ன மாரி, மூணாவது வரியில? ‘ஏக்கழுத்தம் குன்றா எங்கள் தலைவியே’ன்னு? வாய்க்குள்ளயே நுழையல.”

அறிவியல் ஆசிரியை அல்லி, வாழ்த்து மடலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தலைமையாசிரியை கைருன்னிஸாவுக்குப் புதுச்சேரிக்கு மாற்றல். பிரிவுபசார விழாவில் மடல் எழுதி வாசிக்கும் பொறுப்பு, தமிழாசிரியை மாரிக்கண்ணுவுடையது.

“பழைய சொல்லு. ‘ஏ’ன்னா மேல எழும்புறது. கழுத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு நடக்குறதுதான் ஏக்கழுத்தம். அப்புறம் அதுவே இறுமாப்புக்குப் பேராயிடுச்சு.”

“அடிப்பாவி! எச்.எம். அம்மாவையா?”

“கூட்டத்துல ஒருத்தருக்கும் புரியாது. கை தட்டுவாங்க, பாரேன்.”

ஏன் இத்தனை வன்மம் என்று அல்லி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மாரிக்கண்ணு சொல்லியிருக்க மாட்டாள்.

சனிக்கிழமைகளில் அவள் வேறொருத்தி. எழுபத்தேழாம் வருடத்துப் புயலில் அப்பாவின் படகு போனதிலிருந்து, திருவேட்டக்குடிக் கடற்கரையில் அம்மாவோடு உட்கார்ந்து கருவாடு காயவைப்பவள். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்றுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

வெயிலில் மணல் கானலாய் நெளியும். உப்பும் உறக்கமும் இமைகளில் ஒட்டும். அந்த அரைமயக்கத்தில், தலைமையாசிரியை தரையைத் தொடாமல் மிதந்து வருவதுபோல் இருக்கும். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி, ஆயா அமீர் நிஷாவோடு மீனவர் தெருவுக்குப் போகும் வழி அது. கருவாட்டுத் திடலை நெருங்கியதும் அந்தக் கழுத்து உயரும். கண்கள் வானத்தில் எதையோ தேடும். கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் பக்கம் ஒரு பார்வையும் இறங்காது.

“எங்க நாத்தம் மூக்குல ஏறிடுமாக்கும்!” என்று முந்தானைக்குள் முணுமுணுப்பாள் மாரிக்கண்ணு.

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான், என்றோ படித்த அகராதிப் பக்கத்திலிருந்து, கனவில் எழும் நாரையைப்போல அந்தச் சொல் எழுந்து வந்தது.

விழாவில் மூன்றாம் வரியை அவள் நிறுத்தி, அழுத்தி வாசித்தாள். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. கண்ணாடிச் சட்டமிட்ட மடலைத் தலைமையாசிரியை இரு கைகளாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“நல்ல தமிழ், டீச்சர். வீட்டுக் கூடத்துலயே மாட்டி வைக்கிறேன்.”

விழா முடிந்து, அமீர் நிஷா காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். மாரிக்கண்ணுவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“என்ன நிஷாக்கா, புதுச்சேரிக்குப் போயாவது உங்கம்மா கழுத்தைக் கீழ இறக்குவாங்களா?”

“ஓ, கருவாட்டுத் திடல் கதை உங்க காதுக்கும் வந்திடுச்சா? அந்தத் திடலைத் தாண்டுற வரைக்கும்தான் டீச்சர் அந்தக் கழுத்து. தெருவுக்குள்ள போயிட்டா, வீட்டுக்கு வீடு குனிஞ்சு நுழைஞ்சு, தரையில உக்காந்துதான் பேசுவாங்க.”

“அப்ப… திடல்ல மட்டும் ஏன்?” தன் குரல் எங்கோ தொலைவில் ஒலிப்பதுபோல் இருந்தது மாரிக்கண்ணுவுக்கு.

“நானும் கேட்டுட்டேன். ரெண்டு தடவை, கருவாடு காயப்போட நட்ட குச்சி தடுக்கி விழுந்தே போனாங்க. ‘கீழ பாத்து நடங்கம்மா’ன்னேன். ‘நம்ம டீச்சர் ஒருத்தி அங்க முகத்தை மூடிக்கிட்டு உக்காந்திருக்கா, நிஷா. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா அந்தப் புள்ளை கூசிப்போயிடும்’னாங்க.”

மடலைக் கார் இருக்கையில் பத்திரமாகச் சாய்த்துவைத்துவிட்டுத் திரும்பினாள் ஆயா.

“அது யாருன்னு மட்டும், அல்லா மேல ஆணையா, இன்னிவரைக்கும் அம்மா எங்கிட்டகூடச் சொல்லல, டீச்சர்.”