மூன்றாவது வட்டில்

நான் அளந்து விடுகிறவன் என்று ஊருக்குள் பேர். ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மல்லசமுத்திரம் போகிற வழியில், கல்லாங்காட்டைத் திருத்தி முதன்முதலில் குடியேறிய குடியானவரின் மண்வீட்டைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அடுப்படியில் கயிறு கட்டி, அந்தப்பக்கம் புருசன் பெண்டாட்டிக்கென்று சோறு உண்கிற வட்டில்கள் இரண்டைக் கவிழ்த்திருப்பார்கள். செவ்வாய்தோறும் போவேன். என் பெண்டாட்டி ராமாயி செத்த பிறகு வீட்டில் "வாரேன்" என்று சொல்லிக் கிளம்ப ஆளில்லை. அங்கே காவலாளி குணசீலனிடமாவது சொல்லலாம்.

போன வாரம் அவன் டீ குடிக்கப் போயிருந்தான். பழக்கதோஷத்தில் வெறும் வீட்டைப் பார்த்து, "வாரேனுங்க" என்றேன்.

"சோறு உண்டுபோட்டுப் போலாமுங்க," என்று அடுப்படியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"இன்னொரு நாளைக்குங்க," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். எங்கள் பக்கம் மரியாதைக்கு அப்படித்தான் சொல்வோம். யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இந்த வாரம் குணசீலன் வாசலிலேயே மறித்தான். "ஏனுங்கய்யா, உள்ள மூணு வட்டல் இருக்குது. ஒண்ணு எவர்சில்வருங்க, மணியன்னு உங்க பேரு வெட்டியிருக்குது. நீங்களா வெச்சீங்க?"

ராமாயி பேர் வெட்டி வாங்கிய வட்டில். காலையில் அதைக் காணாமல் சட்டியிலேயே உண்டுவிட்டு வந்திருந்தேன்.

எட்டிப் பார்த்தேன். மற்ற இரண்டும் கவிழ்ந்திருந்தன. என்னுடையது நிமிர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர்.

"சாமி, நீ போயி டீ குடிச்சிட்டு மெதுவா வா," என்றேன்.

செருப்பைக் கழற்றினேன்.