காலிக் கட்டம்

“இருநூத்திப் பதினாலு மட்டும் ஏன் காலியா இருக்கு? இருநூத்திப் பதிமூணுக்கு ஒன்பது வரன் காட்டியிருக்கோம். பதினஞ்சுக்குப் பன்னிரண்டு. நடுவுல இந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணினான்?”

திருமணத் தகவல் மையத்தின் முதலாளியம்மா மாத ரிப்போர்ட்டை மேஜைமேல் போட்டு, காலியாக இருந்த கட்டத்தை விரலால் குத்தினாள்.

ரிப்போர்ட் தயாரிப்பவள் கம்ப்யூட்டர் பக்கம் கைகாட்டினாள். “சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறுக்கா. சார் பார்த்துக்கிட்டிருக்கார்.”

“அவரும் எட்டு மாசமா பார்த்துக்கிட்டேதான் இருக்கார்.”

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சாஃப்ட்வேர்காரன் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

அந்த மையத்தில் பதிவு செய்தவர் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். ரகசியம் காப்பதற்காக முதலாளியம்மா போட்ட சட்டம் அது. போட்டோவெல்லாம் ரிப்போர்ட் தயாரிப்பவள் பார்ப்பதோடு சரி. “நூத்தி நாலுக்கும் முன்னூத்தி எட்டுக்கும் முடிஞ்சுடுச்சு” என்று முதலாளியம்மா போனில் பேசுவதைக் கேட்பவர்கள், தவறிப்போய் பஸ் டிப்போவுக்குள் வந்துவிட்டோமோ என்று நினைப்பார்கள்.

“பதினோரு மணிக்கு இருநூத்திப் பதினாலோட அம்மா நேர்ல வர்றாங்க. அதுக்குள்ள இந்தக் கட்டம் நிரம்பணும். இல்லேன்னா இந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், பழுது பார்க்க வர்ற தம்பியும் வேண்டாம். பழையபடி நானே நோட்டுல எழுதிக்கறேன். உனக்கும் இங்கே வேலை இருக்காதும்மா, சொல்லிட்டேன்.”

மணி பத்து நாற்பது.

முதலாளியம்மா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு இருவருக்கும் பின்னால் உட்கார்ந்துவிட்டாள், பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளர் உட்காருவது மாதிரி.

“முதல்ல ரிப்போர்ட்டைப் புதுசா எடுத்துப் பார்க்கலாம்” என்றான் அவன். எடுத்தான். காலி.

“தேதியை மாத்திப் பார்க்கலாம்.” மாற்றினான். காலி.

“எழுத்தைப் பெரிசாக்கிப் பார்க்கலாம்.”

“எதுக்கு தம்பி? இல்லாததைப் பெரிசா காட்டவா? ஒரு பூஜ்யமாவது போட்டுத் தொலைக்கக் கூடாதா உங்க சாஃப்ட்வேர்?”

“பூஜ்யம்னா, தேடினோம், ஒண்ணும் அமையலைன்னு அர்த்தம் மேடம். காலின்னா, தேடவே இல்லைன்னு அர்த்தம்.”

“ஏன் தேடலை? வயசு இருக்கு, படிப்பு இருக்கு, வேலை இருக்கு. உயரம்கூட அஞ்சடி பத்துன்னு போட்டிருக்கு.”

“எட்டு” என்று முணுமுணுத்தான்.

“என்ன?”

“ஒண்ணுமில்லை மேடம். இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கறேன்.”

“ரொம்ப உள்ளே போக வேண்டாம் சார்” என்றாள் அவள் அவசரமாக. “மேலோட்டமா பார்த்தாலே போதும்.”

“ஏம்மா, வயித்து வலின்னு டாக்டர்கிட்ட போயிட்டு, வயித்தைத் தொடாதீங்கங்கறியே.”

பத்து ஐம்பது. அவன் ஒரு பெருமூச்சு விட்டான், ஏதோ முடிவுக்கு வந்துவிட்டவன் மாதிரி. “கண்டுபிடிச்சுட்டேன் மேடம். ஒரு ஃபில்டர் இருக்கு. இருநூத்திப் பதினாலை எந்தத் தேடல்லயும் சேர்க்காதேன்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க.”

“யாரோன்னா யாரு?”

“அது… எப்படியோ. எடுத்துட்டேன். இப்போ பாருங்க, மளமளன்னு நிரம்பும்.” பட்டனை அழுத்திவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தான்.

காலி.

சாய்ந்தவன் நிமிர்ந்தான். மறுபடி அழுத்தினான். காலி. இத்தனை நேரமும் இல்லாத நிஜமான குழப்பம் இப்போது அவன் முகத்தில் வந்து உட்கார்ந்தது. “காலியா இருக்கக் கூடாதே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவள் கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். “நான்தாங்க இருநூத்திப் பதினாலோட…” என்று ஆரம்பித்தவள் கம்ப்யூட்டர் பக்கம் பார்த்ததும் நின்றுவிட்டாள். “டேய், வேலைக்குப் போறேன்னுதானே கிளம்பினே? இங்கே என்னடா பண்றே?”

“வேலைதாம்மா” என்றான் சாஃப்ட்வேர்காரன் ஈனஸ்வரத்தில்.

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “தம்பி, நீங்களா இருநூத்திப் பதினாலு?”

அவன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “அந்த ஃபில்டரைப் போட்டது நான்தான் மேடம். அம்மா என்னைக் கேக்காமலே பதிவு பண்ணிட்டாங்க. ஒரு வரன் வந்தாலும் பேசி முடிச்சுடுவாங்க. எனக்கு என்னமோ…” பேச்சு அங்கேயே நின்றது. பார்வை மட்டும் பக்கத்தில் ரிப்போர்ட் தயாரிப்பவளின் நாற்காலிவரை போய்விட்டுத் திரும்பியது.

“ஒருத்திக்குமா என் பிள்ளையைப் பிடிக்கலைன்னு எட்டு மாசமா தூக்கமில்லாம கிடந்தேனேடா, பாவி.”

“அம்மா, அதை வீட்டுல போய்க் கேளுங்க” என்றாள் முதலாளியம்மா. இருபது வருடமாகக் கல்யாணம் பேசுகிறவள். அந்தப் பார்வை போய்விட்டு வந்த வழி அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. “தம்பி, நீங்க போட்டதைத்தான் எடுத்துட்டீங்களே. அப்புறமும் ஏன் காலியா இருக்கு?”

“அதான் மேடம் எனக்கும் புரியலை.”

அவன் உட்கார்ந்து, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தான்.

இருநூற்றுப் பதினாலை யாருக்கும் காட்டாதே என்று இன்னொரு ஃபில்டர், அவன் போட்டதற்கு நான்கு நாள் முன்பே போடப்பட்டிருந்தது. போட்டவர் என்ற இடத்தில் ‘ரிப்போர்ட் பிரிவு’ என்றிருந்தது. அந்தப் பிரிவில் மொத்தமே அவள் ஒருத்திதான்.