பன்னிரண்டாவது துணைக் கேள்வி

பதினோராவது கேள்விக்கும் பதில் எழுதி முடித்தபோது துரைக்கண்ணுவுக்குப் பேனாவை மூடக்கூடத் தெம்பில்லை.

கேள்விகளும் அவர் யோசித்தவை, பதில்களும் அவர் யோசித்தவை.

சட்டசபையில் உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான். புங்கந்தாங்கல் தாய்சேய் நல விடுதியில் மருத்துவச்சி இல்லாமல் பெண்கள் அவதிப்படுவதை அரசு அறியுமா?

அந்த ஒரு வரி சென்னையிலிருந்து கடலூருக்கு வந்து, கடலூரிலிருந்து செஞ்சிக்கு வந்து, கடைசியில் யூனியன் ஆபீஸ் குமாஸ்தாவான அவர் மேஜையில் விழுந்தது. எல்லாக் காகிதமும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து விழும்.

பதில் சுலபம். 'பணியிடம் காலியாக இல்லை.'

ஆனால் அமைச்சர் அதைப் படித்துவிட்டு உட்கார முடியாது. உறுப்பினர் துணைக் கேள்வி கேட்பார். அமைச்சர் திணறிவிடக் கூடாது. அதனால் என்னென்ன கேட்கக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிச் சேர்த்து அனுப்ப வேண்டும். துரைக்கண்ணு இருபத்தெட்டு வருஷமாக இப்படி அடுத்தவர்களுக்காக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மருத்துவச்சி எப்போது நியமிக்கப்பட்டார்? போன ஜூலையில்.

சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறதா? மாதாமாதம்.

தங்க இடம் உண்டா? விடுதியிலேயே ஓர் அறை உண்டு. மருந்துப் பெட்டி? வந்துவிட்டது. பிரசவக் கட்டில்? இரண்டு.

எல்லாம் நிஜம். ஒன்றுகூடப் பொய் கிடையாது. அதுதான் அவருக்கு அலுப்பாக இருந்தது.

காகிதங்களை எடுத்துக்கொண்டு யூனியன் கமிஷனர் வீட்டுக்கு நடந்தார். மகள் பிரசவத்துக்கு வந்ததிலிருந்து கமிஷனர் இளையபெருமாள் காலை நேரத்தில் ஆபீசுக்கு வருவதில்லை. கையெழுத்தெல்லாம் வீட்டில்தான்.

பத்து மணிக்கே ராஜகிரிக் கோட்டைப் பாறை காய்ந்து ஊர் முழுக்க அனலடித்தது. கமிஷனர் வீட்டுக் கூடத்தில் மட்டும் மின்விசிறி ஓடியது.

கமிஷனர் பதினொன்றையும் விரல் வைத்துப் படித்தார். உள்ளே குழந்தை அழுதது, பிறகு அடங்கியது. ஒரு பெண் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள். அவள் தோளில் கமிஷனரின் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். துரைக்கண்ணு அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் தரையைப் பார்த்தபடியே உள்ளே போய்விட்டாள்.

"எதுனா உட்டுப்போச்சா, நல்லா யோசிச்சிப் பாருய்யா. மந்திரி அங்க முழிச்சாருன்னா இங்க நம்ம தலை உருளும்."

"அவ்ளோதாங்க சார்," என்றார் துரைக்கண்ணு.

கமிஷனர் கையெழுத்துப் போட்டார். காபி நன்றாக இருந்தது. அது வேறு எரிச்சலாக இருந்தது.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பின்னால் மெல்லிய குரல் கேட்டது. அந்தப் பெண்தான். தோளில் இன்னும் குழந்தை இருந்தது.

"உண்ணாமலைக்கு இன்னா ஆச்சுங்க சார்?"

உண்ணாமலை புங்கந்தாங்கலில் தலைப்பிரசவத்துக்கு இருந்தவள். போன வாரம் வலி கண்டு, மாட்டுவண்டியில் போட்டுச் செஞ்சிக்குக் கொண்டுவந்தார்கள். பாதி வழியிலேயே பிறந்துவிட்டது.

"அது பொழச்சிக்கிச்சும்மா. புள்ளதான் நிக்கல."

அவள் தோளில் இருந்த குழந்தையின் தலையை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். உள்ளே இருந்து வெந்நீர் கேட்டுக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

துரைக்கண்ணு பஸ் நிலையத்துக்குப் போனார். அரசு முத்திரை குத்திய உறையைப் பியூனிடம் கொடுத்துக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பியது. பதினொரு பதில்களும் போய்விட்டன.

இனி ஆபீசுக்குத் திரும்ப வேண்டியதுதான். இன்னும் இரண்டு வருஷம் போனால் பென்ஷன்.

அவர் தபால் ஆபீசுக்குள் போனார்.

ஓர் இன்லண்டு லெட்டர் வாங்கினார். ஜன்னலில் சணல் போட்டுக் கட்டியிருந்த பேனாவை மையில் தோய்த்து, உறுப்பினரின் பெயரையும் சென்னை சட்டமன்ற விடுதி முகவரியையும் எழுதினார். எழுத்தை மாற்றி எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். எப்படி எழுதினாலும் ஒன்றுதான். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் செஞ்சியில் மூன்று பேர். கமிஷனர் கேட்கப் போவதில்லை. அவளால் கேட்க முடியாது. மிச்சம் யார் என்று கண்டுபிடிக்கக் கமிஷனருக்கு அரை நிமிஷம் போதும்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயப்படக்கூடக் களைப்பாக இருந்தது.

எண் பன்னிரண்டு என்று போட்டார். இதற்கு மட்டும் பதில் எழுதவில்லை.

'புங்கந்தாங்கல் மருத்துவச்சி, செஞ்சியில் யார் வீட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காபி கொண்டுவந்து வைக்கிறார் என்பதை அமைச்சர் அவர்கள் அறிவார்களா?'